பகைவர் பேழையில் எஞ்சிய அரச ஓலைகள்: சமய ஒடுக்குமுறைக் காலத்து யாழ்ப்பாண அரசின் ஆவணங்கள்

முன்னுரை

ஓர் அரசு வீழும்போது அதன் கோட்டையும் கோயிலும் இடிபட்டதை வரலாறு பதிவு செய்துவிடுகிறது. அவ்வரசின் கணக்கோலையும் கட்டளையோலையும் நிலக்கொடைப் பட்டயமும் எங்கே போயின என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் காலம் அம்மண்ணில் சமயத்தின் பெயரால் ஒடுக்குமுறை நிகழ்ந்தது. அக்காலத்து அரச ஆவணங்கள் எவ்வாறு மறைந்தன, மறையாதவை எங்கே எஞ்சின, அவற்றைத் திரட்டியோர் யாவர், திரட்டியவற்றை நாம் எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரண்மனை ஓலைகள் மறைந்த விதம்

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் கல்வியைப் போற்றியவர்கள். ‘செகராசசேகரம்’ என்னும் மருத்துவ நூலும், ‘செகராசசேகரமாலை’ என்னும் சோதிட நூலும், அரசகேசரி இயற்றிய ‘இரகுவம்மிசமும்’ அவர்தம் அவையின் புலமைக்குச் சான்றாக இன்றும் நம் கையில் உள்ளன. ஆனால் அதே அரண்மனையில் எழுதப்பட்டிருக்க வேண்டிய வரிக்கணக்குகளும் கட்டளைகளும் தமிழ் மூலத்தில் நமக்கு எட்டவில்லை. மருத்துவ நூலைப் பல ஊர் மருத்துவர்கள் தத்தம் தேவைக்காகப் படியெடுத்தனர். சோதிட நூலையும் அவ்வாறே. அரண்மனைக் கணக்கோலைக்கோ அரண்மனைக்கு வெளியே வாசகர் இல்லை. படி பெருகிய நூல் பிழைத்தது. ஒற்றைப் படியாக இருந்த ஆவணம் அழிந்தது.

பனையோலைக்கு ஆயுள் குறைவு. ஈரப்பதம் மிகுந்த நாட்டில், சில தலைமுறைக்கொருமுறை படியெடுக்கப்படாத ஓலை செல்லுக்கும் கறையானுக்கும் இரையாகும். போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621இல் இடித்தனர். தலைநகரை நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினர். அரசும் கோயிலும் ஒருங்கே ஒழிந்தபோது, ஓலையைப் பார்த்துப் பெயர்த்தெழுதும் கணக்கரின் பணியும் ஒழிந்தது. எரியூட்டியது மட்டுமே அழிவு என்று எண்ணுதல் போதாது. படியெடுக்கும் கை ஓய்ந்ததும் அதற்கு நிகரான அழிவே.

திருகோணமலைக் கோணேசர் கோயில் 1622ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தளபதியால் இடிக்கப்பட்டது. அடியவர்கள் மண்ணுள் மறைத்து வைத்த வெண்கலத் திருமேனிகள் சில, 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. வெண்கலத்தை மண் காத்தது. ஓலையை மண் காப்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில், 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் விருப்பத்திற்கிணங்க மயில்வாகனப் புலவர் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை எழுதினார். அவர் தமக்கு ஆதாரமாக இருந்தவை எனக் கயிலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். இவற்றுள் முதலிரண்டும் இன்று கிடைக்கின்றன. பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் கிடைக்கவில்லை. அரசரின் ஆட்சிமுறையைக் கூறியிருக்கக்கூடிய நூல் என்று பெயராலேயே அறியத்தக்க இராசமுறை, அரசு வீழ்ந்து நூறாண்டுக்கு மேலாகியும் புலவர் ஒருவர் கைக்கு எட்டியிருந்தது என்பதை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும். அது போரில் அழிந்ததன்று. அதன் பின்னர், அமைதிக் காலத்தில், நம்மவரிடமிருந்தே தவறிப்போனது.

மூன்று ஒடுக்குமுறைகள்

இக்காலத்தை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரே ஒரு ஒடுக்குமுறையை மட்டும் நினைவிற் கொள்கின்றனர். ஆவணங்களோ மூன்றினைக் காட்டுகின்றன.

முதலாவது, யாழ்ப்பாண மன்னனே நிகழ்த்தியது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் கத்தோலிக்கராயினர். அதனைத் தொடர்ந்து மன்னாரிலும் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். அக்காலத்தில் திருமுழுக்குப் பெறுதல் என்பது போர்த்துக்கல் மன்னனின் பாதுகாப்புக்குள் செல்வதாகவும் கருதப்பட்டது. தன் குடிகள் வேற்றரசின் குடிகளாகின்றனர் என்று கண்ட சங்கிலி மன்னன் 1544இல் மன்னாரில் கிறித்தவர்களைக் கொல்வித்தான். கொல்லப்பட்டோர் அறுநூற்றுவருக்கு மேற்பட்டவர் என்பது கத்தோலிக்க மரபு. இந்நிகழ்ச்சியை யாழ்ப்பாண வைபவமாலையும் மறைக்கவில்லை.

இரண்டாவது, போர்த்துக்கேயர் நிகழ்த்தியது. 1560இல் கோவாவின் ஆளுநர் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா நல்லூரைத் தாக்கிப் பின்வாங்கியபோதும் மன்னாரைத் தன்வசப்படுத்தினார். 1591இல் அந்திரே ஃபுர்த்தாடோ த மென்டோன்சா படையெடுத்து வந்து எதிர்மன்னசிங்கனை அரியணையில் அமர்த்தினார். 1619இல் பிலிப்பு த ஒலிவேரா அரசை முற்றாக வென்றார்; சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். அதன்பின் சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டன.

மூன்றாவது, ஒல்லாந்தர் நிகழ்த்தியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதே ஆண்டில் கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். அந்நிலையில் 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து மறைவாகப் பணியாற்றினார். பின்னர் அவருக்கு அடைக்கலம் தந்தவன் பௌத்தனாகிய கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன்.

கொன்றவன் மரபில் வந்தோர் பின்னர் ஒடுக்கப்பட்டனர். ஒடுக்கியவர் சமயத்தைச் சார்ந்தோர் அடுத்த தலைமுறையில் மறைந்து வழிபட்டனர். இம்மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துத் தொகுக்கப்படும் ஆவணத் தொகுதி, வரலாறாகாது. ஒரு தரப்பின் வழக்குரையாகவே அமையும்.

பேழைகளில் எஞ்சியவை

போர்த்துக்கேயர் எழுத்தைப் போற்றிய ஆட்சியாளர்கள். கீழ்த்திசை மன்னரின் ஓலை கோவாவை அடைந்ததும் அது மொழிபெயர்க்கப்பட்டு, படியெடுக்கப்பட்டு, லிசுபனுக்கு அனுப்பப்பட்டது. கப்பல் மூழ்கிவிடக்கூடும் என்னும் அச்சத்தால் ஒரே கடிதத்தின் இரண்டு மூன்று படிகள் வெவ்வேறு கப்பல்களில் சென்றன. நல்லூரில் இல்லாதுபோன அந்தப் ‘பல படி’ என்னும் காவல், நல்லூரை அழித்தவர்களின் அலுவலகத்தில் இருந்தது. இதனாலேயே ஒடுக்கப்பட்ட அரசர்களின் குரல் ஒடுக்கியவர்களின் பேழையில் எஞ்சியது.

லிசுபனிலுள்ள தோர்ரே தோ தொம்போ ஆவணக் காப்பகமும் கோவாவிலுள்ள ஆவணக் காப்பகமும் இவ்வகையில் முதன்மையானவை. போர்த்துக்கல் மன்னருக்கும் கோவா ஆளுநருக்கும் இடையே பருவக்காற்றுக் கப்பல்களில் சென்ற கடிதங்கள் ‘பருவக்காற்று நூல்கள்’ என்னும் பெயரில் தொகுதிகளாகக் கட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில் லிசுபனுக்கு அனுப்பப்பட்டது. 1755இல் லிசுபன் நகரை அழித்த நிலநடுக்கத்தில் தோர்ரே தோ தொம்போ இருந்த கோபுரம் இடிந்தது. ஆயினும் அதிலிருந்த ஏடுகளிற் பெரும்பாலானவை மீட்கப்பட்டன. கீழ்த்திசை வாணிகத்தை நடத்திய இந்திய மாளிகையின் ஏடுகளோ அழிந்தன. வென்றவரின் பேழையும் அழியாத பேழையன்று.

இவ்வேடுகளைத் திரட்டி வெளிக்கொணர்ந்தோரின் பணி நம் நன்றிக்குரியது. ஜெர்மானிய இயேசு சபைத் துறவியாகிய கேயோர்க் ஷுர்ஹாம்மர், லிசுபனில் ஜெர்மனியின் தூதராக இருந்த வோரெட்ஷுடன் இணைந்து, 1539 முதல் 1552 வரையிலான இலங்கை பற்றிய ஆவணங்களை 1928இல் இரு தொகுதிகளாக லைப்சிக் நகரில் வெளியிட்டார். அதே காலப்பகுதியின் ஆவணங்களை ஆங்கிலத்தில் தந்த பி. இ. பீரிஸ், ஃபிட்ஸ்லர் ஆகியோரின் நூல் 1927இல் வெளிவந்தது. ஷுர்ஹாம்மர் 1932இல் வெளியிட்ட மற்றொரு நூல், பிரான்சிஸ் சவேரியார் காலத்துப் போர்த்துக்கேய ஆசியா பற்றிய 6,000க்கும் மேற்பட்ட ஆவணங்களை நிரல்படுத்துகிறது.

இத்தொகுதிகளில் பேரிடம் பெறுபவர், இலங்கையின் தென்மேற்கில் ஆட்சி செய்த கோட்டே மன்னன் ஏழாம் புவனேகபாகு. யாழ்ப்பாண மன்னர் எதிர்கொண்ட அதே சிக்கலை அம்மன்னனும் எதிர்கொண்டான். அதனை எழுத்தில் முறையிட்டான். போர்த்துக்கேயருடன் நட்புக் கொண்டிருந்தும் அவன் மதம் மாற இணங்கவில்லை. குற்றம் புரிந்தோரும் கடன்பட்டோரும் திருமுழுக்குப் பெற்றுத் தன் நீதிக்கு அடங்காது தப்புகின்றனர் என்பது அவனது குறை. சங்கிலி வாளால் காட்டிய சினத்தின் காரணத்தை, புவனேகபாகுவின் கடிதங்களின் துணைகொண்டு நாம் ஓரளவு உய்த்துணரலாம். ஓர் அரசின் ஆவண வெற்றிடத்தை அயலரசின் ஆவணம் விளக்குவதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

யாழ்ப்பாணத்தின் நிலவரி ஒழுங்கைக் காட்டும் ஆவணம் 1645இல் போர்த்துக்கேயர் எழுதுவித்த நிலவரிப் பதிவேடாகும். ஊர்ப்பெயர்களும் வரிப்பெயர்களும் அதில் இடம்பெறுகின்றன. பழைய அரசின் வரிமுறையைப் போர்த்துக்கேயர் பெரும்பாலும் தொடர்ந்தமையால், மறைந்த அரண்மனைக் கணக்கோலையின் நிழலை அப்பதிவேட்டில் நாம் காணலாம். அதனை ஆதாரமாகக் கொண்டு பீரிஸ் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய பதிவேடே யாழ்ப்பாணத் தமிழில் ‘தோம்பு’ என வழங்குகிறது. லிசுபன் காப்பகத்தின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது.

ஆவணம் திருத்திய வரலாறு

ஆவணத் திரட்டு வெறும் ஏட்டடுக்கு அன்று என்பதை ஒரு செய்தியால் விளக்கலாம். யாழ்ப்பாண வைபவமாலையைப் படிப்போர், மன்னாரில் கிறித்தவரைக் கொன்ற சங்கிலியும் போர்த்துக்கேயரிடம் அரசை இழந்த சங்கிலியும் ஒருவனே என்று எண்ணுவர். அந்நூலின் கதையோட்டம் அவ்வாறு அமைந்துள்ளது. போர்த்துக்கேய ஆவணங்களை ஒப்பிட்ட பின்னரே இருவரும் வேறானவர் என்பது தெளிவாயிற்று. 1544இல் மன்னார் நிகழ்ச்சிக்குக் காரணமானவன் முதலாம் சங்கிலி. 1617இல் ஆட்சியைக் கைப்பற்றி 1619இல் வீழ்ந்தவன் சங்கிலி குமாரன். இருவருக்கும் இடையே எழுபதாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

இவ்வேறுபாடு சிறிதன்று. இருவரையும் ஒருவராக்கினால், மன்னாரில் செய்த கொலைக்கு அரசிழப்பு உடனே கிடைத்த தண்டனை என்று ஒரு சாரார் கூறலாம். கொலையும் போரும் ஒரே வீரனின் விடுதலைப் போராட்டம் என்று மற்றொரு சாரார் கூறலாம். ஆவணம் இவ்விரு கதைகளையும் தளர்த்திவிடுகிறது. 1544க்கும் 1619க்கும் இடையே உடன்படிக்கைகள், திறைகள், அரியணைப் பூசல்கள், போர்த்துக்கேயர் துணையை நாடிய அரச குடும்பத்தார் எனப் பல படிகள் இருந்தன. சவேரியார் மன்னார் நிகழ்ச்சிக்காகச் சங்கிலியைத் தண்டிக்க வேண்டி 1545இல் நாகப்பட்டினம் வந்து காத்திருந்தார். யாழ்ப்பாணக் கரையில் தட்டிய போர்த்துக்கேயக் கப்பலொன்றின் சரக்கு மன்னன் கையிற் சிக்கவே, அச்சரக்கை மீட்பது முதன்மையாகிப் படையெடுப்புக் கைவிடப்பட்டது. இதனைச் சவேரியாரின் கடிதமே தெரிவிக்கிறது. சமயத்தின் பெயரால் தொடங்கியது வாணிகத்தின் பொருட்டு நின்றது என்னும் உண்மையை, எந்தத் தரப்பின் கதையும் தானாகச் சொல்லியிருக்காது.

யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்ந்த தமிழறிஞர்கள் இவ்வழியை முன்பே கண்டிருந்தனர். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதினார். மரபுநூலையும் அயலார் ஆவணத்தையும் அருகருகே வைத்து நோக்கும் முறையை இவர்கள் தமிழாய்வில் வேரூன்றச் செய்தனர்.

ஆவணத்தை வாசிக்கும் முறை

பகைவர் பேழையில் கிடைத்த ஓலையை அப்படியே நம்புதல் தகாது. மன்னன் சொன்னது ஒன்று. மொழிபெயர்ப்பாளன் எழுதியது மற்றொன்றாக இருக்கலாம். ஆகவே முதலில், கடிதம் யார் கையால் எழுதப்பட்டது என்பதை ஆராய வேண்டும். துறவியர் வழியாக எழுதப்பட்ட அரச கடிதத்திலும், மன்னனின் தூதர் வழியாகச் சென்ற கடிதத்திலும் ஒரே மன்னன் இருவேறு மனிதனாகத் தோன்றக்கூடும்.

இரண்டாவது, பெயர்கள். தமிழ்ப் பெயர்கள் போர்த்துக்கேய எழுத்தில் உருமாறிக் கிடக்கின்றன. ஊர்ப்பெயரையும் பட்டப்பெயரையும் மீட்டெடுக்கத் தமிழ் நன்கறிந்தவரே வேண்டும். இப்பணியில் ஐரோப்பிய அறிஞரினும் தமிழாசிரியருக்கே வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது, எழுதாத ஆவணங்களோடு ஒப்பிடுதல். பதினெட்டாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்த நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில், சிறீ சங்கபோதி புவனேகபாகுவின் பெயரைக் கூறும் கட்டியம் இன்றும் ஒலிக்கிறது. கோயில் இடிந்து, அரசு அழிந்து, ஓலை மறைந்த பின்னரும் ஓர் அரச வாசகம் வழிபாட்டின் நாவில் எஞ்சியிருப்பது வியப்பிற்குரியது. அவ்வாறே திருகோணமலையில் பிரெடரிக் கோட்டை வாயிலில், இரட்டைக் கயற்சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் காணப்படுகின்றன.

மலேசியத் தமிழருக்குரிய பங்கு

இப்பொருள் மலேசியத் தமிழருக்குத் தொலைவானது என்று கருத வேண்டியதில்லை. ஜொகூர் பாருவின் கிழக்குப் புறத்திலுள்ள பெர்மாஸ் ஜெயாவிலிருந்து மேலும் கிழக்கே சென்றால் ஜொகூர் ஆற்றையும் அதன் கரையிலுள்ள ஜொகூர் லாமாவையும் அடையலாம். 1511இல் மலாக்காவை இழந்த சுல்தானின் மரபினர் அமைத்த அரசின் தலைநகராக விளங்கிய அவ்வூரைப் போர்த்துக்கேயர் 1587இல் அழித்தனர். 1591இல் யாழ்ப்பாணத்தை வென்ற அதே ஃபுர்த்தாடோ த மென்டோன்சாதான், 1606இல் ஒல்லாந்தரும் ஜொகூர்ப் படையினரும் மலாக்காவை முற்றுகையிட்டபோது அந்நகரைக் காத்து நின்ற தளபதி. நல்லூரின் வரலாறும் ஜொகூரின் வரலாறும் ஒரே கடற்படையின் பாதையில் அமைந்தவை. ஆவணங்களும் ஒரே பேழையில் உள்ளன. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய மலாய்க் கடிதங்களாகிய தெர்னாத்தே சுல்தான் அபு ஹயாத்தின் கடிதங்களும் லிசுபன் காப்பகத்திலேயே உள்ளன. பெர்மாஸ் ஜெயாவில் வரலாறு பயிலும் தமிழ் மாணவன் ஒருவன் ஜொகூர் லாமாவிலிருந்து தொடங்கி நல்லூரை அடைய இயலும்.

இப்பணிக்கு மலேசியாவில் முன்னோடியும் உண்டு. யாழ்ப்பாணத்திற் பிறந்த தனிநாயக அடிகளார், 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் பொறுப்பை ஏற்றார். அதற்கு முன்பே ஐரோப்பிய நூலகங்களில் புதைந்திருந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிக் கண்டவர் அவர். 1679இல் அச்சான அந்தாவ் த புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை, 1966இல் அத்துறையின் வெளியீடாகக் கோலாலம்பூரில் மறுபதிப்புச் செய்தார். போர்த்துக்கேய ஆவணங்களில் வரும் தமிழ்ச் சொற்களை இனங்காண அவ்வகராதி சிறந்த கருவியாகும். முதல் உலகத் தமிழ் மாநாடும் அதே ஆண்டில் அதே நகரில் நடைபெற்றது.

மற்றொரு மூலமும் நம் வீடுகளிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு யாழ்ப்பாணத் தமிழர் பலர் இரயில்வே முதலிய அரசுப் பணிகளுக்காக மலாயா வந்தனர். அவர்தம் குடும்பங்களில் பழைய காணி உறுதிகள் இன்னும் இருக்கக்கூடும். உறுதியில் காணப்படும் காணிப்பெயரும் குறிச்சிப்பெயரும் பழைய தோம்புகளில் வரும் பெயர்களை இனங்காண உதவும். பெட்டியின் அடியில் கிடக்கும் தாளைக் குப்பையிற் சேர்க்குமுன் அதன் நிழற்படத்தையேனும் நூலகத்திற்கு அளிக்குமாறு மாணவர் குடும்பங்களிடம் எடுத்துரைத்தல் தமிழாசிரியர் எளிதில் ஆற்றக்கூடிய பணியாகும்.

முடிவுரை

1981ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களின் சந்தியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒற்றைப் படியாக ஓரிடத்தில் இருப்பது அழியும் என்னும் பாடத்தை நல்லூரில் கற்றிருக்க வேண்டிய நாம், மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் மீண்டும் கற்றோம். ஆகவே திரட்டப்படும் ஒவ்வோர் ஆவணமும் மின்வடிவில் பல நாட்டு நூலகங்களில் ஒருங்கே வைக்கப்படுதல் வேண்டும்.

போர்த்துக்கேயம், இலத்தீன், டச்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் சிதறிக் கிடக்கும் இவ்வாவணங்கள், ஆண்டு வரிசையில், பெயர் விளக்கங்களுடன், ஒரே தமிழ்த் தொகுதியாக அமைய வேண்டும். அத்தொகுதியில் மன்னாரில் மாண்டோரும், நல்லூரில் கோயிலை இழந்தோரும், ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து வழிபட்டோரும் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெற வேண்டும். தம் முன்னோர் பட்ட துன்பத்தை மட்டும் படிக்கும் மாணவன் பகையைக் கற்பான். தம் முன்னோர் பிறருக்கு இழைத்த துன்பத்தையும் அதே நூலில் படிக்கும் மாணவனே வரலாற்றைக் கற்பான். அரிய ஆவணங்களைத் திரட்டுவதன் பயன் அதுவே என்பது நம் துணிபு.